வயிற்றுப் படமும் வாய்மொழியும்

(ஆண்டு விழாவின் இரண்டாம் நாள் காலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் நடைபெறும் மேடையில் வயிற்றைப் பற்றிப் பேச முன்வந்தமைக்கு முதற்கண் ஒரு விளக்கம் கூற வேண்டும். பெரிய உறையில் இட்ட ஸ்கேன் படம் ஒன்றேனும் பீரோவின் மேல் இல்லாத வீடு இன்று நம் குடியிருப்பில் அரிது. பணியின் பொருட்டு இவ்வடபுலத்திற்கு வந்தவர்கள் நாம். முதுமை எய்திய பெற்றோரும் இப்போது ஊரை விட்டு நம்மிடம் வந்து சேர்கின்றனர். அவர்களுக்கு வயிற்றில் நோவு கண்டால், மருத்துவர் கையால் அழுத்திப் பார்க்கிறார். அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார். அதிலும் தெளிவு பிறக்கவில்லையெனில், கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்து வருமாறு சீட்டு எழுதித் தருகிறார். அச்சீட்டு வந்த நாழிகை முதல் வீட்டில் பேச்சுக் குறைந்துவிடுகிறது. 'பெரிய நோயாக இருக்குமோ' என்பது ஓர் அச்சம். 'அந்த ஊசி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமாமே' என்பது மற்றோர் அச்சம். நம் சங்கத்தின் சார்பில் பெரியவர்களுக்குத் துணையாகப் பரிசோதனைக் கூடங்களுக்குச் சென்று வருகின்றவர்கள் என்ற முறையில், அங்கே நாம் கண்டவற்றையும் மருத்துவர்களிடம் கேட்டறிந்தவற்றையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இப்படம் எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சிறிது பார்ப்போம். 1895-இல் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். அக்கதிர் உடலை ஊடுருவிச் சென்று மறுபுறம் ஒரு நிழலை வீழ்த்துகிறது. எலும்பின் நிழல் தெளிவாக விழும். வயிற்றுக்குள்ளோ கல்லீரலும் குடலும் கணையமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடப்பவை. அவற்றின் நிழல்கள் கலந்து ஒரே மங்கலாகிவிடும். வாழைத்தண்டை வெளியே நின்று பார்த்தால் உள்ளே இருக்கும் நாரும் வளையமும் தெரிவதில்லை. குறுக்கே வில்லை வில்லையாக நறுக்கினால் தெரியும். உடலை நறுக்காமலே அவ்வில்லைகளைக் கண்ணுக்குக் காட்டும் வழியைக் கண்டவர், இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. 1971 அக்டோபர் 1-ஆம் நாள் லண்டன் விம்பிள்டனில் ஒரு மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை அவ்வாறு படமெடுக்கப்பட்டது. அதற்கு வேண்டிய கணிதத்தை அவருக்கு முன்பே தனியாக ஆராய்ந்திருந்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மக். இருவருக்கும் 1979-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அன்று ஒரு வில்லைக்குப் பல நிமிடங்கள் ஆயின. இன்று வயிறு முழுவதும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது.

ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் ஓர் அளவுகோலும் வழங்குகிறது. அதில் தண்ணீருக்கு 0. காற்றுக்குக் கழித்தல் 1000. கொழுப்புக்கு ஏறத்தாழக் கழித்தல் 100. எலும்புக்குப் பல நூறு. வயிற்றின் மெல்லுறுப்புகளும் இரத்தமும் பெரும்பாலும் 30-க்கும் 60-க்கும் இடையே நெருங்கி நிற்கின்றன. ஆதலின் ஊசியின்றி எடுத்த படத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றும். நல்ல திசு எது, கட்டி எது, குடல் எது, இரத்தக்குழாய் எது என்று பிரித்தறிவது கடினம். அயோடின் கலந்த மருந்தை இரத்தத்தில் செலுத்தினால் அது எக்ஸ்-கதிரைத் தடுத்து, இரத்தம் செல்லும் இடமெல்லாம் வெண்மையாகக் காட்டுகிறது. நம்மவர் இதனை 'டை' என்று சொல்லிச் சாயம் எனக் கருதிவிடுகின்றனர். உண்மையில் அது தண்ணீரைப்போல் நிறமற்ற மருந்து. உடம்பையும் சிறுநீரையும் அது சாயம் ஏற்றுவதில்லை.

இங்கே கல்லீரலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லீரலுக்கு இரத்தம் வரும் வழிகள் இரண்டு. ஏறத்தாழ முக்கால் பங்கு இரத்தம் குடலிலிருந்து வரும் சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. கல்லீரலில் தோன்றும் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி இரத்தத்தையே உண்டு வளர்வது. ஆகவே ஊசி தொடங்கிச் சுமார் 35 நொடி அளவில் எடுத்த படத்தில் அத்தகைய கட்டி ஒளிர்ந்து தெரியலாம். சுமார் 70 நொடியில் கல்லீரல் முழுதும் வெளுக்கும்போது, அக்கட்டி மங்கிப் பின்தங்கலாம். தீங்கற்ற இரத்தக்குழாய்க் கட்டி ஒன்று உண்டு. அது விளிம்பில் தொடங்கி மெல்ல மெல்ல உள்நோக்கி நிறைந்து வரும். ஒளிர்ந்து மங்கியதா, மெல்ல நிறைந்ததா என்பதைக் கொண்டே ஒன்றை அஞ்சத்தக்கது என்றும் மற்றொன்றை விட்டுவிடத்தக்கது என்றும் மருத்துவர் துணிகிறார். ஒரே இடத்தை இரண்டு மூன்று முறை எடுப்பது பணம் பிடுங்கும் வேலை என்று நம் நண்பர் ஒருவர் கூடத்திலேயே வாதாடினார். அந்தச் சில நொடி வேறுபாட்டில்தான் நோயின் பெயரே அடங்கியிருக்கிறது. அதைத் தவறவிட்டால் மறுபடியும் ஊசியும் கதிரும் வேண்டியிருக்கும்.

நிற்க. இத்தனை நுட்பமான கருவியும் ஓர் எளிய பொருளைச் சார்ந்து நிற்கிறது. அது நோயாளியின் வாய்மொழி. நம்மைப்போல் பிறபுலத்தில் வாழ்வோருக்கு இடர் விளைவது அவ்விடத்திலேதான்.

பரிசோதனைக் கூடத்தில் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. கேள்வி கேட்பவர் இந்தியில் கேட்கிறார். விடை தெரிந்த தாய்க்குத் தமிழ் ஒன்றே தெரியும். இடையே நிற்பவன் மகன். அவனோ இருபதாண்டுகளுக்கு முன் ஊரை விட்டு வந்தவன். 'முன்பு ஏதேனும் ஊசிக்கு ஒவ்வாமை கண்டதுண்டா?' என்ற கேள்விக்கு, தாயைத் திரும்பியும் பாராமல் 'நஹீன்' என்று விடை சொல்லிக் கையெழுத்தும் இட்டுவிடுகிறான். அவன் இல்லாத அந்த இருபதாண்டுகளில் தாய்க்கு என்னென்ன நேர்ந்தன என்பதை அவன் அறியான். 'மகனுக்கு ஏன் கவலை' என்று தாயும் சொல்லியிருக்கமாட்டாள். நாம் உடன் சென்ற ஒரு நாள், பெஞ்சில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம் அதே கேள்வியைத் தமிழில் மெல்லக் கேட்டோம். ஊரில் சிறுநீரகத்திற்குப் படமெடுக்க ஊசி போட்டபோது உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியதாகவும், இரவு முழுதும் மருத்துவமனையில் வைத்திருந்ததாகவும் அம்மையார் சாதாரணமாகச் சொன்னார். மகனின் முகம் வெளிறிப்போயிற்று. மருத்துவரிடம் சொன்னோம், அவர் அன்றைய பரிசோதனையை ஒத்திவைத்து, முன்மருந்து கொடுத்து வேறொரு நாள் தக்க ஏற்பாட்டுடன் செய்வித்தார்.

ஆதலின் பரிசோதனைக்கு முந்திய மாலை, வீட்டில் தாயிடமோ தந்தையிடமோ அமர்ந்து பேசுங்கள். கேட்க வேண்டியவை பல அல்ல. முன்னர் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டதுண்டா, போட்டபோது என்ன நேர்ந்தது என்பதே தலையாயது. ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு மிகையாகச் சுரத்தல் ஆகியவை இருப்பின் சொல்ல வேண்டும். உட்கொள்ளும் எல்லா மருந்தையும், ஊரிலிருந்து பொட்டலமாக வந்த சூரணத்தையும் லேகியத்தையும்கூட மறைக்காமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அண்மையில் பேரியம் குடித்துப் படம் எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்; குடலில் தங்கிய பேரியம் சி.டி. படத்தைக் கெடுக்கும். இறால் நண்டு ஒவ்வாதவர்க்கு இவ்வூசியும் ஒவ்வாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அவ்வொவ்வாமைக்குக் காரணம் அவற்றிலுள்ள புரதமே, அயோடின் அன்று. ஆயினும் எந்த ஒவ்வாமையையும் சொல்லிவிடுவதே நலம்.

இளம் பெண்களிடம் கருவுற்றிருக்க வாய்ப்புண்டா, கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்பர். மாமனார் அருகே நிற்க, பலர் செவிபட, அறிமுகமில்லாத இளைஞர் கேட்கும் அக்கேள்விக்கு நம் வீட்டு மருமகள் 'இல்லை' என்றே சொல்வாள். ஐயம் இருந்தாலும் சொல்வாள். அவளுடன் ஒரு பெண் துணைக்குச் செல்லட்டும்; மாமனார் வெளியே செய்தித்தாள் படிக்கட்டும். பாலூட்டும் தாய்மார் பிள்ளைக்குப் பால் நிறுத்த வேண்டியதில்லை என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. பாலில் கலக்கும் மருந்து மிகமிகச் சொற்பம்.

சிறுநீரகத்தைப் பற்றிய அச்சத்திற்கு வருவோம். ஊசிக்கு முன் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்க்கச் சொல்வது இதன் பொருட்டே. அந்த எண் ஒன்றை மட்டும் பார்த்து மகிழ்வதோ மயங்குவதோ வேண்டா. வாட்டசாட்டமான இளைஞனுக்கு 1.2 என்பது இயல்பாக இருக்கலாம். மெலிந்த எழுபத்தைந்து வயதுத் தாய்க்கு அதே எண் குறைவைக் காட்டலாம். வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிட்ட ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் எண்ணையே மருத்துவர் கருத்தில் கொள்வர். அது 30-க்குக் கீழே இருப்போரிடமும், சிறுநீரகம் திடீரெனப் பழுதுற்றிருப்போரிடமும் மிகுந்த கவனம் வேண்டும். மற்றையோர்க்கு ஆபத்து முன்பு எண்ணியதினும் மிகக் குறைவு என்பது அண்மைக் கால ஆராய்ச்சிகளால் தெளிவாகியுள்ளது. சிறுநீரகம் செவ்வையாக இருப்பவர்க்கு மருந்து ஏறக்குறைய முழுவதும் ஒரு நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். பரிசோதனைக்குப் பின் நன்றாகத் தண்ணீர் குடிக்கலாம். இதய நோயின் காரணமாகத் தண்ணீருக்கு அளவு விதிக்கப்பட்டவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக் குடிக்க.

நீரிழிவுக்கு உண்ணும் மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்பது நம் குடியிருப்பில் அடிக்கடி எழும் கேள்வி. அம்மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதன்று. சிறுநீரகம் வேலை செய்யாதபோது அது உடம்பில் தேங்கி இரத்தத்தில் அமிலத்தை மிகுவிக்கும், அதுவே அச்சம். ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்கு மேல் உள்ளவர் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை என்று சில நெறிமுறைகள் கூறும். 48 மணி நேரம் நிறுத்தச் சொல்லும் மருத்துவமனைகளும் உண்டு. உங்கள் மருத்துவர் சொல்வதைப் பின்பற்றுக. இதனினும் உடனடியான இடர் வேறொன்று. பட்டினியாக வரச் சொன்னார்களே என்று உணவை நிறுத்திவிட்டு, இன்சுலினையும் சர்க்கரை மாத்திரையையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டால், ஸ்கேன் அறைக்குச் செல்லுமுன்பே சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். நீரிழிவுள்ளவர்க்கு விடியற்காலை நேரமே கேட்டு வாங்குங்கள். அன்றைய மருந்தளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு உட்கொள்ளத் தடையிராது.

பட்டினி என்பது பெரும்பாலான கூடங்களில் நான்கு முதல் ஆறு மணி நேரம். தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் குடிக்கவே சொல்வர். காலைக் காப்பியின்றி நம்மவர்க்குத் தலைவலி வருவது தவிர வேறு கேடில்லை. கூடத்தை அடைந்ததும் சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீரைக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் சிறுகச் சிறுகக் குடிக்கச் சொல்வர். குடலை விரித்து, அதன் சுவரைத் தெளிவாகக் காட்டுவதற்கு அது. வெறும் நீராகவும் இருக்கலாம்; மருந்து கலந்ததாகவும் இருக்கலாம்; இனிக்கும் மானிடால் கரைசலாக இருப்பின் பிறகு வயிறு சற்று இளகும்.

உடையைப் பற்றியும் ஒரு சொல். இடுப்பில் வெள்ளி அரைஞாண் கட்டிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே உளர். உலோகம் படத்தில் கீற்றுக் கீற்றாகக் கறை உண்டாக்கும்; ஆதலின் அதை வீட்டிலேயே கழற்றி வைத்துச் செல்வது நன்று. திருமாங்கல்யத்தைக் கழற்ற மனமில்லாத தாய்மார், சங்கிலியைக் கழுத்தருகே மேலே ஏற்றி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம். வயிற்றுப் படத்திற்குப் பல இடங்களில் அதுவே போதும் என்பர். எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் பரிசோதனைக்கு இச்சலுகை இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா. அதைப்போல் இது நீண்ட குகையும் அன்று, பேரொலி எழுப்புவதும் அன்று. உளுந்து வடையைப்போல் நடுவே துளையுள்ள ஒரு வளையம். அதனூடே படுக்கை முன்னும் பின்னும் நகரும், அவ்வளவே.

ஊசி ஏறும்போது என்ன நேரும் என்பதைப் பெரியவர்களிடம் முன்னரே சொல்லிவிடுவது இன்றியமையாதது. சுமார் 100 மில்லி மருந்து, நொடிக்கு 3 அல்லது 4 மில்லி வேகத்தில், இயந்திரத்தால் செலுத்தப்படுகிறது. தொண்டையிலிருந்து அடிவயிறு வரை திடீரென வெப்பம் பரவும். நாவில் உலோகச் சுவை தோன்றும். சிறுநீர் கழிந்துவிட்டது போன்ற உணர்வும் சிலர்க்கு உண்டாகும். உண்மையில் ஒன்றும் கழிவதில்லை. இதை யாரும் சொல்லாமையால், மானத்திற்கு அஞ்சி அவசரமாக எழ முயன்ற தாய்மார் உண்டு. அவ்வெப்பம் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். ஊசி குத்திய இடம் வீங்கி எரிந்தால் மட்டும் பொறுத்துக்கொள்ளாமல் உடனே குரல் கொடுக்க வேண்டும். பொறுமை நம் பெண்களுக்கு அணி என்பர். ஸ்கேன் மேசையில் அது அணியன்று.

அடுத்து, மூச்சு. படம் எடுக்கும் அந்தச் சில நொடிகளில் மூச்சை அடக்கினால்தான் கல்லீரலும் கணையமும் அசையாமல் நிற்கும். ஒலிபெருக்கியில் வரும் கட்டளையோ இந்தியில் வரும். 'சாஸ் லீஜியே' என்றால் மூச்சை இழுங்கள். 'ரோக்கியே' என்றால் அடக்குங்கள். 'சோடியே' என்றால் விடுங்கள். இம்மூன்று சொற்களின் பொருள் அறியாத முதியவர் ஒருவர், யாரோ தம்மிடம் பேசுகிறார்கள் என்று கருதி, 'என்ன ஐயா கேட்கிறீர்கள்?' என்று மரியாதையோடு விடை சொல்லிக்கொண்டிருந்தார். முதல் 35 நொடிப் படம் கலங்கிப்போயிற்று. நாம் முன்பு சொன்ன ஒளிர்ந்து மங்கும் வேறுபாட்டைக் காட்ட வேண்டிய படம் அது. அறிக்கையில் அசைவினால் தெளிவில்லை என்று எழுதிவிட்டார்கள். அவர் மறுபடியும் செல்ல நேர்ந்தது. இம்மூன்று சொற்களையும் முந்திய இரவு தாத்தாவுக்குப் பேரன் கற்பித்து, பத்துப் பதினைந்து நொடி மூச்சடக்கப் பழக்கிவிட்டால் அந்த அலைச்சல் இல்லை. பல கருவிகளில் கட்டளையை வேறு மொழியில் பதிந்து வைக்கும் வசதியும் உண்டு. தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்பதில் நமக்குக் கூச்சம் வேண்டா.

முடிந்தவுடன் வண்டி பிடித்து ஓடிவிடாதீர்கள். கடுமையான ஒவ்வாமை அரிது. வருமாயின் பெரும்பாலும் முதற்சில நிமிடங்களிலேயே வரும். ஆகவே அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருத்தல் வேண்டும். அரிப்போ தடிப்போ தொண்டை இறுக்கமோ தோன்றினால் உடனே சொல்ல வேண்டும். வீடு திரும்பிய பாட்டி பேரக்குழந்தையைத் தூக்கலாமா என்று கேட்கின்றனர். தாராளமாகத் தூக்கலாம். எக்ஸ்-கதிர் உடம்பில் தங்குவதில்லை.

கதிரின் அளவைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வயிற்றை ஒரு முறை படமெடுக்க ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட் கதிர் உடலில் படுகிறது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக நம்மேல் விழுவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மோனசைட்டு மணலின் காரணமாக அது சராசரிக்கு மேற்பட்டிருப்பதும், மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்வதும் நம்மில் பலர் அறிந்ததே. மருத்துவர் தக்க காரணத்தோடு எழுதிய பரிசோதனையை இவ்வளவுக்கு அஞ்சித் தள்ளிப்போடுவது பேதைமை. ஆயின், நாமே கேட்டு வாங்குவதும், முழு உடல் பரிசோதனை என்று சலுகை விலையில் விற்பதை மூன்று குடும்பமாகச் சேர்ந்து வாங்குவதும் அதனினும் பெரும் பேதைமை. சிறுநீரகக் கல்லுக்கு ஊசியில்லாப் படமே போதுமானது. கல் தானே வெண்மையாகத் தெரியும். பித்தப்பைக் கல்லைக் காட்ட அல்ட்ராசவுண்டே மேல். பிள்ளைகளுக்கு இன்னும் மிகுந்த யோசனை வேண்டும். பழைய படங்களையும் குறுந்தகட்டையும் கையோடு எடுத்துச் சென்றால், மறுபடி எடுக்க வேண்டிய தேவையே சில வேளை இராது. கூடத்திற்கு அணுசக்தி ஒழுங்காற்று வாரியத்தின் உரிமம் உண்டா என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

இறுதியாக அறிக்கை. அதனைப் பெற்றவுடன் மெட்ரோ வண்டியில் நின்றபடியே கைப்பேசியில் சொல் சொல்லாகத் தேடி நடுங்குவோர் உளர். சிறுநீரகத்தில் எளிய நீர்க்கட்டி என்பது வயது முதிர்ந்தோரிடம் மிகச் சாதாரணம். பெரும்பாலும் அதற்கு மருத்துவமே வேண்டா. கல்லீரலில் கொழுப்பு என்பது நம் சாப்பாட்டையும் நாற்காலியையும் பற்றிய செய்தி. எந்த நோயைத் தேடி எடுத்தோமோ அதைப் பற்றி அறிக்கை என்ன சொல்கிறது என்பதை, சீட்டு எழுதிய மருத்துவரிடமே கேளுங்கள்.

வீட்டில் நடைபெறும் ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. 'என்னப்பா எழுதியிருக்கிறது?' என்று தந்தை கேட்கிறார். 'ஒன்றுமில்லை அப்பா' என்று மகன் சொல்கிறான். அன்பினால்தான் சொல்கிறான். ஆனால், வயிறு அவருடையது. அடுத்த ஊசிக்கும், அறுவைக்கும், ஊருக்குத் திரும்புவதா வேண்டாவா என்பதற்கும் முடிவு சொல்ல வேண்டியவர் அவர். நாம் கண்டவரையில், 'ஒன்றுமில்லை' என்ற சொல்லை நம்பிய பெரியவர் ஒருவரேனும் இல்லை. மகன் வருந்துவானே என்று நம்பியதுபோல் இருக்கின்றனர்.

கேட்க வேண்டிய கேள்விகளையும், அந்த மூன்று இந்திச் சொற்களையும் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்றாக எடுத்துச் செல்லலாம். பரிசோதனைக்குத் துணை வேண்டுவோர் இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் நம்மில் ஒருவர் உடன் வருவோம். தாய்மார்க்குப் பெண் துணை உண்டு.